புளியில் கறுத்த காசு

எனக்குப் பொறாமை என்று என் மனைவி சொன்னபோது இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். அது பொய். பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்த பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அண்ணை விமான டிக்கெட் விற்கும் கடை வைத்திருந்தார். அவரைப் பார்த்து என் வயிறு எரிந்த அளவுக்கு வேறு யாரைப் பார்த்தும் எரிந்ததில்லை. அவருக்குச் சொந்த வீடு இருந்தது, நல்ல கார் இருந்தது, ரூ லூயி-பிளாங் தெருவில் இன்னொரு கடையும் இருந்தது. அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். அவரிடம் ஒரு தட்டு நிறையப் பழைய செம்புக் காசுகள் இருந்தன. எனக்கு எரிந்தது அதற்குத்தான்.

2009 மே மாதத்துக்குப் பிறகு லா சப்பலில் ஆட்கள் கொஞ்சக் காலம் சத்தமாகக் கதைக்கவேயில்லை. கடைக்கு வருவார்கள், முருங்கைக்காயைப் பொறுக்குவார்கள், விலையைக்கூடக் கேட்காமல் காசை நீட்டிவிட்டுப் போவார்கள். அதன் பிறகு ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கோயிலைப் பிடித்தார்கள், சிலர் சீட்டாட்டத்தை. அண்ணை காசைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளின்யாங்கூர் பழம்பொருள் சந்தைக்குப் போய் பெட்டி பெட்டியாகக் கிளறுவார். திங்கட்கிழமை வந்து கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, டிக்கெட்டுக்குக் காத்திருக்கும் சனத்துக்கு அதைக் காட்டுவார்.

முதலில் அவர் சேர்த்தது அரசாங்கக் காசு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் அடித்தது, கொழும்பில் ஒல்லாந்தன் அடித்தது. பிறகு ஆசை வேறு பக்கம் திரும்பியது. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையில் சில்லறைக்குப் பஞ்சம் வந்தபோது, வியாபாரக் கம்பெனிக்காரர்களும் கோப்பித் தோட்டத் துரைமாரும் தாங்களாகவே காசு அடித்துக்கொண்டார்களாம். சட்டத்தில் அப்படிக் காசு கிடையாது. ஆனால் அரசாங்கம் கண்டும் காணாததுபோல் இருந்ததாம். ஒரு தோட்டத்துக் காசு அந்தத் தோட்டத்துக் கடையில் மட்டும்தான் செல்லும். வேலை செய்தவனுக்குக் கூலி அந்தக் காசில், அவன் அரிசி வாங்க வேண்டியது துரையின் கடையில். இதையெல்லாம் அண்ணை இணையத்தில் படித்துவிட்டு வந்து, தான் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் சொல்வார்.

"எங்கடை பாட்டன்மார் புழங்கின காசு," என்பார். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். நான் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி கேட்பேன். யாருடைய பாட்டன் ஐயா? என்று நாக்கின் நுனி வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன்.

ஏன் விழுங்கினேன் என்று சொல்ல வேண்டும். லா சப்பலில் இரண்டு தமிழர் முதல்முதலாகச் சந்தித்தால் பெயரைக் கேட்பது பிறகுதான். "நீங்கள் ஊரிலை எவடம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஊரைச் சொன்னால் எந்தக் குறிச்சி என்பார்கள். குறிச்சியைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்பார்கள். அதற்கும் பதில் சொல்லிவிட்டால் உங்கள் பூர்வீகம் முழுக்க அவர்கள் பையில். நான் "வவுனியா" என்று சொல்வேன். வவுனியா என்றால் யாழ்ப்பாணத்து ஆட்கள் "ஓகோ" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டார் மலையிலிருந்து இறங்கிப்போய்க் குடியேறிய இடம் அது. நான் பிறந்தது மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில். வவுனியாப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியாருக்கு "ஆமாங்க" என்று சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளிலிருந்து நான் "ஓம்" ஆகிவிட்டேன். இஞ்சை, அங்கை, எவடம், எல்லாம் வாய்க்குப் பழகிவிட்டது. என் மனைவி யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. அவளுக்கு எல்லாம் தெரியும். அவளுடைய அண்ணன்மாருக்கு நான் வவுனியா மாப்பிள்ளை.

அதைவிட, அண்ணையின் வாய் எனக்குத் தெரியும். ஒருமுறை உணவகத்தில் கோப்பை கழுவும் ஒருத்தன் டிக்கெட் விஷயமாக அவரோடு சண்டை போட்டுவிட்டுப் போனான். "உவன் தோட்டக்காட்டான், வேறை எப்பிடி இருப்பான்?" என்று, மலைத் தோட்டத்து ஆட்களை இழிக்கும் அந்தச் சொல்லால் அண்ணை ஏசினார். நின்ற சனம் சிரித்தது. நான் வெளியே போய் முருங்கைக்காய்ப் பெட்டியைத் திரும்ப அடுக்கினேன். அது நன்றாகத்தான் அடுக்கியிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை அண்ணை கூப்பிட்டார்.

"தம்பி, ஓடி வாரும், ஒரு சாமான் காட்டுறன்."

கறுத்த பச்சைத் துணியில் ஒரு காசு கிடந்தது. ஒரு ஈரோக் காசைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் ஓட்டை. விளிம்பைச் சுற்றி ஆங்கில எழுத்து. வாசித்தேன். அது எங்கள் தோட்டத்தின் பெயர். எங்கள் சனம் அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. எங்களுக்கு அந்த இடத்துக்கு எங்களுடைய தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தது. ஆங்கிலப் பெயர் பேக்டரிப் பலகையிலும் தேயிலைப் பெட்டியிலும் மட்டும் இருந்தது. நான் ஆங்கில எழுத்துக் கூட்டப் பழகியதே அந்தப் பலகையைப் பார்த்துத்தான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது அதைத் தேடிக்கொண்டு கிளின்யாங்கூர் போவார்கள்.

"உது எங்கை அண்ணை அடிச்சது?" என்று கேட்டேன்.

"ஊர்காவற்துறைப் பக்கம் எண்டு நினைக்கிறன்," என்றார் அவர் அலட்டாமல். "வெள்ளைக்காரனோடை கூட்டு வைச்ச ஆரோ புகையிலை முதலாளியின்ரை. அந்தக் காலத்திலை எங்கடை ஆக்கள் கப்பல் விட்ட ஆக்கள் எல்லே."

யாழ்ப்பாணத்து ஊர்காவற்துறையாம்! புகையிலையாம்! நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். "உமக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். சும்மா இருக்கவும் முடியவில்லை. போகிற வருகிறவனுக்கெல்லாம் அவர் புகையிலை முதலாளியின் கதையை எடுத்துவிட்டார். நாளுக்கு நாள் அந்த முதலாளிக்குக் கப்பல் கூடிக்கொண்டே போனது. எங்கள் கடைக்கும் அவர் கடைக்கும் பின்னால் ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய். முற்றத்தில் நின்றால் அவர் கதைப்பது அச்சொட்டாகக் கேட்கும். நான் தேவையில்லாமல் முற்றத்துக்குப் போய் நிற்பேன், கேட்பேன், வயிறு பற்றி எரியத் திரும்பி வருவேன்.

அவர் பொய் சொல்வதை என்னால் தாங்க முடிந்தது. ஊரில் புழுகாதவன் யார்? ஆனால் அந்தக் காசு அவர் கையில் இருப்பதைத் தாங்க முடியவில்லை. தேயிலை வருவதற்கு முன் எங்கள் தோட்டத்தில் மழையில் நனைந்து கோப்பி ஆய்ந்தவளின் கையில் விழுந்த காசு அது. அவள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் என் ஆள். இந்த மனிதர் அதைப் பட்டுத் துணியில் வைத்துத் தன் பாட்டன் கணக்கில் எழுதுகிறார். எனக்கு அது வேண்டும். இதுதான் என் நிலை. மற்ற அத்தனை காசையும் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீடு இருந்த கார்ஜ் லே கொனெஸுக்கு ரயிலில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு இரண்டு தடவை இறங்கும் நிலையத்தைத் தவறவிட்டேன். வீட்டில் மனைவி பிடித்துவிட்டாள்.

"அந்தாளின்ரை செப்புத் துண்டிலை உங்களுக்கு என்ன பொறாமை?"

"எனக்கென்ன பொறாமை? விசர்க் கதை கதையாதை."

"பொறாமை இல்லாட்டி ஏன் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு கூழாக்கிறியள்? வாயைத் திறந்து கேளுங்கோவன்."

"கேட்டால் என்ரை கதை வெளியிலை வரும். உன்ரை கொண்ணைமாரின்ரை காதுக்குப் போகும்."

சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வெட்கத்தை விட்டு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளின்யாங்கூர் போனேன். அண்ணைக்குக் கிடைத்தது எனக்கும் ஒன்று கிடைக்காதா என்ற நப்பாசை. அண்ணை வந்து நின்றாலும் நிற்பார் என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஒரு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். பழைய பொத்தான், சாவி, மாதா பதக்கம். அடியில் ஒரு மஞ்சள் வட்டம், நடுவில் ஓட்டை, விளிம்பில் எழுத்து தேய்ந்துபோய் இருந்தது. விற்பவன் என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, விலையைத் தூக்கிச் சொன்னான். கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். இங்கேயே பிறந்த என் மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னாள், "அப்பா, இது சுப்பர்மார்க்கெட் வண்டிலுக்குக் காசுக்குப் பதிலாப் போடுற ஜெத்தோன்." அவளும் தாயும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு நேரடியாகவே அண்ணையிடம் போனேன். "அண்ணை, அந்த ஓட்டைக் காசை எனக்குத் தாறீங்களோ? என்ன விலையெண்டாலும் பரவாயில்லை," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உமக்கென்னத்துக்கு? உது என்ரை தட்டிலேயே நல்ல சாமான். விக்கவோ தம்பி நான் சேர்க்கிறன்?" என்றார். நான் வாங்கக் கேட்டதை அன்று மாலைக்குள் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டார். காசின் மதிப்பு அவர் கண்ணில் இன்னும் ஏறிவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்போதுதான் ஒரு பிரெஞ்சுப் பெண் வருகிறாள் என்ற செய்தி வந்தது. குடியேற்ற நாடுகளில் ஓடிய அரசாங்கமல்லாத காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறாளாம். அண்ணையின் தட்டைப் படம் பிடிக்க வரப்போகிறாளாம். அண்ணை தரையில் நடக்கவில்லை. "எங்கடை காசு புத்தகத்திலை வரப்போகுது," என்று தெருக்கோடி பேப்பர்க் கடைக்காரனுக்குக்கூடச் சொல்லிவிட்டார். புத்தகத்தில் எங்கள் தோட்டத்துக் காசு. அடியில் அவருடைய பெயர்.

அவள் வருகிற அன்று காலையில் அண்ணை எங்கள் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு பைக்கற் பழப்புளி தாரும். உப்பும் தாரும்."

"என்ன, வீட்டிலை விசேஷமோ?"

"காசு மினுக்கத்தான். வெள்ளைக்காரி வரேக்கை இப்பிடிக் கறுத்துப்போய்க் கிடந்தால் வடிவே?"

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. விளக்கு, செம்பு, தாம்பாளம், எதுவானாலும் ஆட்கள் வருகிற வீட்டில் அதற்குப் புளி போடாத தமிழர் யார்? நல்ல கொட்டையெடுத்த புளியாகவே பார்த்துக் கொடுத்தேன். அண்ணை முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து, சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காசாகத் தேய்த்தார். நான் பின்கதவில் சாய்ந்து நின்றேன். ஒவ்வொன்றும் புதுச் செம்புபோலச் சிவந்து வந்தது. எனக்கு இன்னும் எரிந்தது.

கடைசியாக எங்கள் காசை எடுத்தார். தேய்த்தார். அது சிவக்கவில்லை. சாம்பல் நிறமாக வெளிறியது. இன்னும் புளி வைத்து அழுத்தித் தேய்த்தார். மேலே இருந்த மெல்லிய செம்பு கழன்று, உள்ளே கறுத்த ஈயம்போல் ஒன்று தெரிந்தது.

"உதென்ன கோதாரி!" என்றார் அண்ணை.

அந்தப் பெண் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். அண்ணை என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். தான் பெருமைப்படும்போது பார்க்க ஆள் வேண்டும் அவருக்கு. பளபளவென்று மின்னிய தட்டைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"யார் இதைக் கழுவியது?" என்று கேட்டாள்.

"நான்தான் மதாம். புளி போட்டு," என்று அண்ணை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

பழைய செம்பில் படிந்திருக்கும் அந்தக் கறுப்புத்தான் அதன் வயது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அதை உரித்துவிட்டால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்களாம். நூற்றைம்பது வருஷத்தைக் காலையில் குழாயடியில் கழுவி ஊற்றியிருக்கிறார் அண்ணை. அவர் முகம் ஒட்டிப்போனது. என் கடைப் புளி! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமில்லை.

வெளிறிப்போன ஓட்டைக் காசை அவள் எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தாள். இது அடித்த காசு அல்ல, அச்சில் ஊற்றிய காசு என்றாள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பதைக் காட்டினாள். ஈயத்தை உருக்கி ஊற்றி, மேலே செம்பு பூசியது. ஆனால் இன்று நேற்றுச் செய்ததல்ல, அந்தக் காலத்திலேயே செய்த கள்ளக்காசு. அங்கேயிருந்த யாரோ துரையின் கடையில் அரிசி வாங்குவதற்காகச் செய்திருப்பார்கள் என்றாள். தன் புத்தகத்தில் அசல் காசுகள் மட்டும்தான் என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, மற்றவற்றை வேண்டாவெறுப்பாகப் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் கதவைத் தாண்டியதும் அண்ணை அந்தக் காசைத் தூக்கி என்னிடம் நீட்டினார். "இந்தாரும், போகேக்கை குப்பையிலை போட்டுவிடும்."

என் உள்ளங்கையில் விழுந்தது. கையை மூடிக்கொண்டு பேசாமல் வெளியே நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது. கதவு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது.

"ஆரோ தோட்டக்காட்டான் உருக்கி ஊத்தின குப்பையை என்ரை தலையிலை கட்டிப்போட்டாங்கள்," என்று அண்ணை பின்னால் முணுமுணுத்தார்.

நான் திரும்பினேன். இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. என் வாயில் வந்த தமிழ்கூட யாழ்ப்பாணத் தமிழ் அல்ல.

"ஆமா, எங்க ஆளுங்க ஊத்துனதுதான்! நான் பொறந்த தோட்டங்க அது! அந்தப் பேரு எங்க பேக்டரி போர்டுல இருந்திச்சு. ஊர்காவற்துறையும் இல்ல, புகையிலையும் இல்ல. தொர அவன் இஷ்டத்துக்குக் காசு அடிச்சான், அவன் கடையில அவன் வெலைக்கு அரிசி வித்தான். எங்க ஆளுங்க அதே காச அடுப்புல ஊத்தி அவனுக்கே குடுத்திருக்காங்க. நல்லா செஞ்சிருக்காங்க! உங்க பாட்டன்மாருக்கு இந்தத் தைரியம் இருந்திச்சா?"

டிக்கெட்டுக்கு வந்திருந்த இரண்டு பேர் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"நீர் வவுனியா எண்டெல்லே சொன்னனீர்?"

"அது பெறகுதான்."

"ஒருக்கா அதைத் தாரும் பாப்பம்."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அண்ணை கேட்டால் கொடுத்துத்தான் பழக்கம், வேறு என்ன சொல்ல? அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவி வாசித்தார். முதல்முதலாக அந்தக் காசைப் பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு சட்டை நுனியால் துடைத்து, தட்டின் நட்ட நடுவில் வைத்தார்.

"அண்ணை, குப்பையில போடச் சொன்னீங்களே."

"அது நீர் சொல்ல முன்னம்," என்றார். "இப்ப உதுக்குக் கதை இருக்கு."

என் கதை மாலைக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. மனைவியின் மூத்த அண்ணன் மட்டும் தொலைபேசி எடுத்து, "எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். மனைவி, "நீங்கள் ஊர் கேட்டவிதம் அப்பிடி," என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்குக் கோடி கும்பிடு. மற்றவர்கள் என்னிடம் முன்பைவிட மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணை தட்டில் உள்ள மற்றக் காசுகளைப் பற்றி இப்போது பேசுவதே குறைவு. புகையிலை முதலாளி கப்பலோடு மூழ்கிவிட்டார். இப்போதெல்லாம் "மலையக மக்கள்" என்கிறார். துரையையே ஏமாற்றிய மக்களின் வீரத்தைப் பற்றிக் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்கிறார். நான் கோபத்தில் கத்திய அதே வார்த்தைகள். அவர் வாயில் அவை என்னைவிட நன்றாக வருகின்றன. அதுவும் எனக்கு எரிகிறது. யாராவது முக்கியமான ஆட்கள் வந்தால் முற்றத்துப் பக்கமாக என்னைக் கூப்பிடுவார். நான் ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போவேன். போகக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஆனால் போனால் அதைக் கையில் எடுக்கலாம்.

போன மாதமும் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் வந்திருந்தாள். தமிழ்ப் பிள்ளைதான், பிரெஞ்சில்தான் கதைத்தாள். அண்ணை கதையைச் சொல்லி முடித்து, காசை என் கையில் வைத்தார். அவள் அதை என் உள்ளங்கையிலேயே வைத்துப் படம் பிடித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இது உங்களுடையதா?" என்று கேட்டாள்.

"ஓம், என்ரைதான்," என்றார் அண்ணை.

கையை நீட்டினார். நான் கொடுத்தேன்.